மடிப்பு விழாத நோட்டீஸ்

அத்தியாயம் 7

"நோட்டீஸே வரலைங்க" என்று இஸ்திரிக்காரர் சொன்னபோது கமாவுக்குக் கொட்டாவி வந்துவிட்டது.

கமாவைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. கோர்ட்டுக் கட்டடத்தின் தரைத்தளத்தில், ஜெராக்ஸ் மிஷினுக்கும் கழிவறைக்கும் நடுவே, 'வக்கீல் இல்லாதவர்களுக்கு இலவச சட்ட உதவி' என்ற பலகையின் கீழ் ஒன்பது வருஷமாக டைப் அடிக்கிறவர் அவர். அந்த மேஜைக்கு வந்தவர்களில் பாதிப் பேர் வாயைத் திறந்ததும் சொன்னது இந்த வாக்கியத்தைத்தான். மீதிப் பாதி, கழிவறை எந்தப் பக்கம் என்று கேட்டவர்கள். அவர்களுக்காவது சரியான வழி காட்டினோம் என்ற திருப்தி கமாவுக்கு உண்டு.

கமா என்பது பெற்றவர்கள் வைத்த பெயரல்ல. எங்கே நிறுத்துவது என்று தெரியாமல் மனுவிலும் பேச்சிலும் கமா போட்டுக்கொண்டே போகிறவர் என்பதால் வக்கீலம்மா வைத்தது. அது கோர்ட்டு முழுக்கப் பரவி, இப்போது வீட்டில் மனைவியும் அப்படித்தான் கூப்பிடுகிறார்.

"எப்பத் தெரிஞ்சுது?" என்று கேட்டார் வக்கீலம்மா. மேஜைக்கு மொத்தமே இரண்டு வக்கீல்கள். இன்னொருவர் பிரசவ விடுப்பில் போயிருந்ததால், இப்போதைக்கு இலவச சட்ட உதவி என்றால் அது இந்த ஒரு அம்மாள்தான்.

"நேத்து சாயங்காலம்ங்க. கதவுல ஒட்டியிருந்துச்சு." இஸ்திரிக்காரர் நான்காக மடித்த உத்தரவை நீட்டினார். மடிப்பு கத்தி மாதிரி இருந்தது. "இன்னிக்கு நாலு மணிக்கு பாப்பாவ மூணாவது மாடியில ஒப்படைக்கணுமாம். பாப்பாவோட சித்தப்பாகிட்ட."

பாப்பா அவருக்குப் பக்கத்தில் கால் தரையில் எட்டாமல் உட்கார்ந்திருந்தாள். ஏழு வயது. இஸ்திரிக்காரரின் அக்கா மகள். அக்காவும் அத்தானும் ஒரே விபத்தில் போய்ச் சேர்ந்து மூன்று வருஷமாகிறது. அன்றிலிருந்து தாய்மாமன்தான் அவளுக்கு எல்லாம். அத்தானின் தம்பி, குழந்தை தன்னிடம்தான் வளரவேண்டும் என்று வழக்குப் போட்டிருக்கிறார். இரண்டு வாய்தாவுக்கும் இஸ்திரிக்காரர் வரவில்லை. வராதவர் பக்கத்தைக் கேட்க ஆளில்லை. ஒருதலையாக உத்தரவாகிவிட்டது.

"அவ என்னை விட்டுட்டு ஒரு ராத்திரிகூட வேற எங்கயும் தூங்கினதில்லைங்க" என்றார் இஸ்திரிக்காரர். அதற்குமேல் அவருக்கு வாதம் எதுவும் தெரியவில்லை.

"இந்த பெஞ்சை ஏன் தரையோட ஆணி அடிச்சு வெச்சிருக்காங்க?" என்று பாப்பா கேட்டாள்.

"இங்க வக்கீலுங்க ஜாஸ்தி பாப்பா" என்றார் கமா. "தூக்கிட்டுப் போயிடுவாங்க."

வக்கீலம்மா உத்தரவைத் திருப்பிப் பின்பக்கத்திலிருந்து படிக்க ஆரம்பித்திருந்தார். எந்தக் காகிதத்தையும் அவர் அப்படித்தான் படிப்பார். மனுஷன் முன்பக்கத்தில் ஜாக்கிரதையாகப் பொய் சொல்லுவான், பின்பக்கம் வருவதற்குள் களைத்துவிடுவான் என்பது அவருடைய சித்தாந்தம். இதை வைத்தே ஒரு போலி உயிலையும் இரண்டு போலி டாக்டர் சர்டிபிகேட்டையும் பிடித்திருக்கிறார்.

"போன மாசம் பதினாலாம் தேதி, காலைல பதினொன்றரை மணிக்கு, உங்க வீட்டுக்கு வந்து உங்க கையிலயே நோட்டீஸ் குடுத்ததா அமீனா எழுதியிருக்காரு."

அமீனா என்பவர் கோர்ட்டு நோட்டீஸ்களை வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுத்துக் கையெழுத்து வாங்கும் ஊழியர்.

"பதினொன்றரைக்கு நான் ஏங்க வீட்ல இருக்கப் போறேன்? பெட்டி சூடா இருக்கிற நேரம். கடையில நிப்பேன். போன மாசம் ஒரே ஒரு நாள்தான் கடைக்கு லீவு விட்டேன், பாப்பாவ ஸ்கூல்ல சேக்கறதுக்கு ஏதோ பேப்பர் கேட்டாங்கன்னு. அதுக்கும் இங்கதான் வந்தேன். சார்தான் அடிச்சுக் குடுத்தாரு."

கமா அவரை உற்றுப் பார்த்தார். ஞாபகம் வரவில்லை. ஒரு நாளைக்கு நாற்பது பேர். முகங்கள் எல்லாம் சேர்ந்து ஒரே முகமாகி, அதுவும் களைத்த முகமாகி ரொம்ப நாளாகிறது.

"கோர்ட்டு நோட்டீஸ் எதுலயாவது கையெழுத்துப் போட்டீங்களா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

"பாப்பா மேல சத்தியமா இல்லைங்க."

மணி பதினொன்று இருபது. வக்கீலம்மா எழுந்தார். "நோட்டீஸ் வரலன்னு காட்டிட்டா, நாலு மணிக்குள்ள உத்தரவை நிறுத்தி வெக்கலாம். கமா, வாங்க. கேஸ் கட்டைப் பாக்கணும்."

"மேடம், அங்க இருக்கிறவரு..."

"தெரியும். அதுக்குத்தான் உங்களைக் கூப்பிடறேன்."

வழக்குக் கட்டுகள் இருக்கும் அறை இரண்டாவது மாடியில். அதைப் பார்த்துக்கொள்பவரைக் கோர்ட்டே 'பூட்டு' என்று கூப்பிடும்.

"இன்னிக்கு முடியாது" என்றார் பூட்டு.

"என்ன வேணும்னு நாங்க இன்னும் சொல்லவே இல்லையே சார்."

"எதுவா இருந்தாலும் முடியாது."

கமா வாசல் நிலையில் சாய்ந்துகொண்டார். "உங்க பென்ஷன் மனு யார் அடிச்சது?"

"நீங்கதான்."

"அதுல உங்க பிறந்த தேதி சரியா இருக்கான்னு பாத்தீங்களா?"

பூட்டு திறந்துகொண்டது.

கட்டு மெல்லியதாக இருந்தது. சித்தப்பாவின் மனு, உத்தரவு, நடுவில் நோட்டீஸைப் பெற்றுக்கொண்டதற்கான ஒற்றைத் தாள். அதன் அடியில் ஒரு கையெழுத்து. ஒவ்வொரு எழுத்தையும் தனித்தனியாக நிறுத்தி, ஒன்றையொன்று தொடாமல், வரிசையாகத் தொங்கவிட்ட சட்டைகளைப் போல. காலையில் உதவி மேஜையின் டோக்கன் நோட்டில் இஸ்திரிக்காரர் போட்டதும் இதே கையெழுத்து.

"ஆட்டம் முடிஞ்சுது மேடம்" என்றார் கமா. "பாப்பா மேல வேற சத்தியம் பண்ணிட்டாரு மனுஷன்."

"கையெழுத்தை விடுங்க. காகிதத்தைப் பாருங்க."

"பாத்தேன். வெள்ளையா இருக்கு."

வக்கீலம்மா பக்கத்து அலமாரியிலிருந்து கைக்கு வந்த நாலு கட்டுகளை உருவினார். ஒவ்வொன்றிலும் அமீனா வாங்கிவந்த தாளைப் பிரித்து மேஜையில் வரிசையாக வைத்தார். நாலு தாளிலும் குறுக்கும் நெடுக்குமாக மடிப்பு. ஒன்றில் வியர்வைக் கறை, ஒன்றில் டீ டம்ளர் வட்டம். அமீனா நோட்டீஸ்களை நாலாக மடித்துச் சட்டைப் பைக்குள் திணித்துக்கொண்டுதான் தெருத்தெருவாக அலைவார். அவர் கையோடு வெளியே போய் வந்த காகிதம் அவரைப் போலவேதான் கசங்கியிருக்கும்.

இஸ்திரிக்காரரின் தாளில் மட்டும் ஒரு சுருக்கம் இல்லை.

"இஸ்திரிக்காரர் வீட்டுக்குப் போன காகிதம் மேடம்" என்றார் கமா. "சுருக்கம் எப்படி இருக்கும்?"

வக்கீலம்மா சிரித்தேவிட்டார். பூட்டுகூடச் சிரிப்பதைப் போல இருமினார். பிறகு வக்கீலம்மா சொன்னார்: "இந்தத் தாள் இந்தக் கட்டடத்தை விட்டு வெளியவே போகல கமா. அமீனா அந்த வீட்டுக்குப் போகல. எழுதினது பொய்."

ஒன்பது வருஷத்தில் முதல் தடவையாக, நோட்டீஸ் வரவில்லை என்று சொன்ன ஒருவர் உண்மையைச் சொல்லியிருக்கிறார்!

வக்கீலம்மா தாளைத் தூக்கி ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தார். கையெழுத்துக்குப் பக்கத்தில் அவர் பார்வை நின்றது. கண்ணாடியைக் கழற்றினார். மறுபடி மாட்டிக்கொண்டார். முகத்திலிருந்த சிரிப்பைக் காணோம்.

"என்ன மேடம்?"

"ஒண்ணுமில்ல. இதுக்கு ஒரு ஜெராக்ஸ் எடுங்க. அமீனாவைப் பிடிக்கணும்."

கமா அதற்குமேல் கேட்கவில்லை. துப்பறிகிறவருக்கு உதவியாளராக இருப்பவருக்கு முக்கியமான தகுதி, மூக்குக்கு நேரே இருப்பதைப் பார்க்காமல் இருப்பது. அந்தத் தகுதி தனக்கு நிறையவே இருந்தது என்பதைக் கமா இன்னும் ஒன்றரை மணி நேரத்தில் தெரிந்துகொள்ளப் போகிறார்.

அமீனாவைப் பிடிப்பது சாமானியமல்ல. 'இப்பத்தான் இருந்தாரு' என்று நாலு அறைகளில் சொன்னார்கள். கடைசியில் கேன்டீனில், தூணுக்குப் பின்னால் அகப்பட்டார். ஒரு காலை எதிர் நாற்காலியில் நீட்டி முழங்காலில் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார். மணி ஒன்று இருபது.

"உக்காருங்கம்மா. ரெண்டு முட்டியும் போச்சு. ஒரு நாளைக்கு நாப்பது நோட்டீஸ். நோட்டீஸ் வாங்கற ஜனம் எல்லாம் எப்படித்தான் தேடிப் பிடிச்சு மாடி வீட்லயே குடியிருக்குதோ, தெரியல."

வக்கீலம்மா ஜெராக்ஸை அவர் முன்னால் வைத்தார். "இந்த வீட்டுக்கு நீங்க போகவே இல்ல."

"யாரு சொன்னா?"

"காகிதம் சொல்லுச்சு. மடிப்பே இல்ல."

அமீனா ஜெராக்ஸைப் பார்த்தார். டீயைப் பார்த்தார். பிறகு பேச்சு வேகமாக வந்தது. "ஆளு கையில குடுத்தேனா இல்லையா? அதைக் கேளுங்க. நேர்ல குடுன்னுதானே சட்டம் சொல்லுது? வீட்ல குடுத்தா என்ன, இங்க குடுத்தா என்ன? வீட்லன்னு எழுதினது தப்புதான். அதுக்காக அந்தக் கையெழுத்து அவரோடது இல்லன்னு ஆயிடுமா?"

"இங்கன்னா எங்க?"

அமீனா ஒரு தடவை கமாவைப் பார்த்துவிட்டுப் பார்வையைத் தைலப் புட்டிக்குக் கொண்டுபோனார். "வேண்டாம்மா. டீ சாப்பிடுங்க."

"எங்க குடுத்தீங்க?"

"அதைத்தான் நீங்க ஏற்கெனவே கண்டுபிடிச்சிட்டீங்களே. உங்க மூஞ்சியிலயே தெரியுது."

கமாவுக்குப் பொறுக்கவில்லை. "சொல்லித் தொலைங்க சார்! அங்க ஒரு குழந்தை காத்துக்கிட்டிருக்கு. யாரையோ காப்பாத்தறீங்க! யாரு அந்த ஆளு, விவரம் தெரியாத மனுஷன்கிட்ட கையெழுத்து வாங்கிக் குடுத்தவன்? அவனை இன்னிக்கு ஒரு வழி பண்ணிடலாம்."

"உக்காருங்க கமா" என்றார் வக்கீலம்மா மெதுவாக.

"பண்ணுங்க" என்றார் அமீனா. "உங்க மேஜையிலதான் குடுத்தேன். அன்னிக்கு நீங்கதான் சத்தமா பேரைச் சொல்லிக் கூப்பிட்டீங்க. அதே பேரு என் பையில இருந்துச்சு. நல்லதாப் போச்சுன்னு வந்தேன். அவரு உங்க முன்னாடி நின்னு ஏதோ ஸ்கூல் காகிதத்துல கையெழுத்துப் போட்டுக்கிட்டிருந்தாரு. இதையும் வாங்கிக் குடுங்கன்னு சொன்னேன். 'வெச்சுட்டுப் போங்க, சேத்து வாங்கிடறேன், பின்னாடி நாப்பது பேர் நிக்கிறாங்க'ன்னு சொன்னது நீங்கதான் கமா."

கமா உட்கார்ந்தார். நாற்காலி அங்கே இருந்ததே அதிர்ஷ்டம்.

வக்கீலம்மா தன் பையிலிருந்து பென்சிலை எடுத்து, ஜெராக்ஸில் கையெழுத்துக்கு இடப்பக்கம் மங்கலாகத் தெரிந்த ஒரு கோட்டைத் தொட்டுக் காட்டினார். சின்ன இன்டு குறி. ஒரு கால் மற்றதைவிட நீளம், நுனியில் ஒரு வளைவு. அமீனாக்கள் பென்சில் வைத்துக்கொள்வதில்லை. கையெழுத்துப் போடவேண்டிய இடத்தையெல்லாம் பென்சிலில் இன்டு போட்டுக் காட்டுகிறவர் அந்தக் கட்டடத்தில் ஒரே ஒருவர்தான். படிக்கத் தெரியாதவர்களுக்கும் தடுமாறுகிறவர்களுக்கும் உதவியாக இருக்கட்டும் என்று கமாவே கண்டுபிடித்த முறை அது. 'இன்டு போட்ட இடத்துல மட்டும் போடுங்க, படிக்கவே வேணாம், எல்லாம் உங்க நல்லதுக்குத்தான்' என்று ஒரு நாளைக்கு நாற்பது தடவை சொல்லுவார். அதனால் கூட்டம் சீக்கிரம் நகர்கிறது என்று இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு பாராட்டுக் கடிதம்கூட வந்தது. அதை ஃபிரேம் போட்டு மேஜைக்கு மேலே மாட்டியிருக்கிறார்.

"காலைலயே தெரியுமா மேடம்?"

"கட்டைப் பாத்தப்பதான். தப்பாப் பாத்துட்டேனோன்னு நினைச்சேன். தப்பா இருக்கணும்னுதான் நினைச்சேன்."

மேஜைக்குப் பின்னாலிருந்த இரும்பு அலமாரியில் அந்த நோட்டீஸும் இருந்தது. 'பள்ளிச் சேர்க்கை' என்று எழுதிய உறைக்குள், பாப்பாவின் பிறப்புச் சான்றிதழ் நகலுக்கும் இஸ்திரிக்காரரின் வாடகை ஒப்பந்தத்துக்கும் நடுவில், வாய்தா தேதி இரண்டையும் தாங்கிக்கொண்டு, ஒரு மடிப்புகூட இல்லாமல். இஸ்திரிக்காரருக்குப் போய்ச் சேரவேண்டியதை, அவருக்கு உதவுவதற்காகவே இருக்கிற மேஜை பத்திரமாகப் பூட்டி வைத்திருந்தது.

மணி இரண்டரை. இஸ்திரிக்காரர் இரண்டடி தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தார். வக்கீலம்மா அவரிடம் எதையும் மறைக்காமல் சொன்னார். அவர் நிதானமாகக் கேட்டார்.

"அப்ப நோட்டீஸ் எங்கிட்ட வந்துருச்சுங்களா?"

"சட்டப்படி வந்துருச்சு."

"அப்ப நான் சத்தியம் பண்ணது பொய்யாங்க?" அவர் பாப்பா உட்கார்ந்திருந்த பக்கம் திரும்பிப் பார்த்தார். பிறகு கமாவிடம், "மன்னிச்சுக்குங்க சார். தெரியாம சொல்லிட்டேன். உங்களை வேற காலைலேர்ந்து அலைய வெச்சுட்டேன்" என்றார்.

கமாவுக்கு யாராவது தன்னைச் செருப்பால் அடித்தால் தேவலை என்றிருந்தது.

அவர் வக்கீலம்மாவை ஜெராக்ஸ் மிஷினுக்குப் பின்னால் தள்ளிக்கொண்டு போனார். "மேடம், கேளுங்க. அலமாரிச் சாவி நம்மகிட்டதான். உள்ள இருக்கிறது யாருக்கும் தெரியாது. அமீனா வீட்ல குடுத்தேன்னு எழுதினது பொய், அது ஒண்ணு போதும். மடிப்பைக் காட்டுங்க. அன்னிக்கு அவரு வீட்லயே இல்லன்னு நாலு பேரைச் சொல்ல வைங்க. நோட்டீஸ் போகவே இல்லன்னு ஜெயிச்சுடலாம்."

"அமீனா?"

"அவரு... வேலை போகும்."

"கையெழுத்து?"

"எப்படியோ வந்துச்சு. நமக்கென்ன?"

வக்கீலம்மா சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஒரு நிமிஷம் இருக்கும். அந்த ஒரு நிமிஷமும் அவர் சரியென்று சொல்லிவிடவேண்டும் என்று கமா மனதாரக் கும்பிட்டார்.

"திங்கக்கிழமை அந்தப் பக்கத்து வக்கீல் அமீனாவைக் கூண்டுல ஏத்தி, எங்க குடுத்தேன்னு கேட்டா?" என்றார் வக்கீலம்மா. "அலமாரியைத் திறங்கன்னு சொன்னா? அப்புறம் மாமன் பொய் சொல்லிப் பிள்ளைய வெச்சுக்கிட்டான்னு ஆயிடும் கமா. இன்னிக்குப் போறது அப்ப ஒரேயடியாப் போயிடும்." கொஞ்சம் நிறுத்திச் சொன்னார். "இன்னொண்ணும் இருக்கு. இது நம்ம மேஜையில நடந்தது. இனி நான் இதுக்குச் சாட்சி. நீங்களும் சாட்சி. சாட்சியா இருக்கிறவ அதே வழக்குல வக்கீலா நிக்கமுடியாது."

"அப்ப அவருக்கு யாரு வக்கீலு?"

தலைக்கு மேலே பலகை மட்டும் இருந்தது.

மூன்றரை மணிக்கு நீதிபதி முன்னால் போனார்கள். உத்தரவை நிறுத்தி வைக்கக் கேட்கும் மனுவைக் கமா அடித்திருந்தார். அவர் வாழ்நாளில் அடித்ததிலேயே சின்ன மனு. நீதிபதி நல்ல மனிதர், களைத்த மனிதர். மேஜையில் இன்னும் பதினேழு கட்டுகள் பாக்கி இருந்தன.

"மனுதாரருக்கு யார் ஆஜராகறீங்க?"

சித்தப்பாவின் வக்கீல் எழுந்து நின்றார். அவருக்குப் பின்னால் சித்தப்பா, மடியில் ஒரு அட்டைப் பெட்டியோடு.

"எதிர்த்தரப்புக்கு?"

இஸ்திரிக்காரர் தனியாக நின்றார். கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் சட்டை நுனியை நீவிக்கொண்டிருந்தார்.

"வக்கீல் இல்லையா? கீழ இலவச உதவி மேஜை இருக்குமே. அங்க போய்..." என்று ஆரம்பித்த நீதிபதியின் கண்ணில், சாட்சிகள் நிற்கும் பக்கத்தில் நின்ற வக்கீலம்மா பட்டார். "நீங்க என்னம்மா அந்தப் பக்கம் நிக்கிறீங்க?"

வக்கீலம்மா காரணத்தைச் சொன்னார். கமாவைக் கூப்பிட்டார்கள். கூண்டில் ஏறும்போது ஏழெட்டு வாக்கியம் தயாராக இருந்தது. பாராட்டுக் கடிதம், நாற்பது பேர், ஆள் பற்றாக்குறை, எல்லாம் வரிசையாக. நீதிபதி கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

"அவரைப் படிக்க விடாம கையெழுத்து வாங்கினது நான்தாங்க" என்றார் கமா. மற்றதையெல்லாம் விட்டுவிட்டுக் கூண்டிலிருந்து இறங்கினார்.

அமீனாவும் ஏறினார். வீட்டில் கொடுத்ததாக எழுதியது பொய் என்று ஒப்புக்கொண்டு, காலை நொண்டிக்கொண்டு இறங்கினார். அவரிடம் எழுத்துமூலம் விளக்கம் கேட்கச் சொன்னார் நீதிபதி.

சித்தப்பாவின் வக்கீல், பதில் சொல்ல அவகாசம் வேண்டும் என்றார். அது நியாயம்தான். நீதிபதி பேனாவை எடுத்தார். "மனு திங்கட்கிழமை பதினோரு மணிக்கு. அதுக்குள்ள இவருக்கு வெளியிலிருந்து ஒரு வக்கீலை நியமிக்கச் சொல்லி எழுதறேன். அவங்க பதிலைக் கேக்காம உத்தரவை நிறுத்தி வெக்க என்னால முடியாது. இன்னிக்கு உத்தரவு இன்னிக்கு உத்தரவுதான்."

"ஐயா..." என்றார் இஸ்திரிக்காரர்.

"சொல்லுங்க."

அவர் சட்டை நுனியை விட்டுவிட்டுக் கைகூப்பினார். அடுத்த கட்டைப் பிரித்தார்கள்.

மூன்றாவது மாடியில் குழந்தைகள் அறை. சுவரில் வரைந்த யானைக்கு ஒரு கண் உரிந்திருந்தது. காப்பாளர் அம்மாள் இரண்டு பக்கப் படிவத்தை மேஜையில் வைத்தார். மணி நாலு ஐந்து. கமாவும் வக்கீலம்மாவும் கதவோரம் நின்றார்கள். பேச உரிமையில்லை. நிற்க மட்டும் உரிமை.

சித்தப்பா அட்டைப் பெட்டியைத் திறந்தார். சிவப்பு ஷூ. "சைஸ் தெரியல பாப்பா. கொஞ்சம் பெரிசாவே வாங்கிட்டேன்" என்றார். "நானும் தூக்கி வளத்த பொண்ணுதாங்க. எங்க அண்ணன் ஜாடை அப்படியே." கெட்டவராக இருந்திருந்தால் கமாவுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

பாப்பா ஷூவைத் தொடவில்லை. மாமாவின் சட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"இங்க போடுங்க" என்று சித்தப்பாவின் வக்கீல் பேனாவை நீட்டினார்.

இஸ்திரிக்காரர் பேனாவை வாங்கினார். படிவத்தின் தலைப்பில் விரலை வைத்தார். "இதுல என்னமோ போட்டிருக்குதே. ப... டி... த்து... பார்த்து..."

"'இதைப் படித்துப் பார்த்து, புரிந்துகொண்டு கையெழுத்திடுகிறேன்'னு போட்டிருக்கு. வழக்கமா இருக்கிறதுதான். போடுங்க."

"அப்பப் படிக்கணுமில்லைங்க?" என்றார் இஸ்திரிக்காரர் பணிவாக. "போன தடவை படிக்காமப் போட்டுட்டேன்."

அவர் உட்கார்ந்தார். முதல் வரியில் விரலை வைத்து, ஒவ்வொரு எழுத்தாக, வாய்விட்டுப் படிக்க ஆரம்பித்தார். சின்ன வயதில் பள்ளிக்கூடம் போன இரண்டு வருஷத்தையும் தோண்டி எடுக்கவேண்டியிருந்தது. 'பொறுப்பாளர்' என்ற சொல்லில் மூன்று நிமிஷம் நின்றுவிட்டார். பாப்பா எட்டிப் பார்த்து, "மாமா, அது பொ. ரெண்டு பக்கமும் கொம்பும் காலும் இருக்கு பாரு" என்றாள். தன்னை அனுப்பிவைக்கப் போகிற காகிதத்தை அவளே எழுத்துக் கூட்டி அவருக்குச் சொல்லிக்கொடுத்தாள்.

"இப்படிப் படிச்சா விடிஞ்சுடும்" என்றார் சித்தப்பாவின் வக்கீல். "நான் வேணா படிச்சுக் காட்டறேன்."

"உங்களுக்கு ஏங்க சிரமம்" என்றார் இஸ்திரிக்காரர்.

வக்கீல் காப்பாளர் அம்மாளைப் பார்த்தார். அம்மாள் கடிகாரத்தைப் பார்த்தார், பிறகு படிவத்தைப் பார்த்தார். "படிக்காமப் போடச் சொல்றீங்களா?" என்று கேட்டார். சித்தப்பா மெதுவாக ஷூவைப் பெட்டிக்குள் வைத்துவிட்டு, "படிக்கட்டும் விடுங்க" என்றார்.

கமா கதவோரத்திலிருந்து எட்டிப் பார்த்து வரிகளை எண்ணினார். மொத்தம் நாற்பத்தொன்று. அவர் ஒருவரைச் சீக்கிரம் முடிக்கச் சொல்லி அவசரப்படுத்தாமல் நின்றது ஒன்பது வருஷத்தில் அன்றைக்குத்தான்.

பதினேழாவது வரியின் முடிவில் மணி அடித்தது. ஐந்து.

காப்பாளர் அம்மாள் எழுந்து சாவியை எடுத்தார். "அஞ்சு மணிக்கு மேல ஒப்படைக்கிற அதிகாரம் எனக்கில்ல. திங்கக்கிழமை காலைல பத்து மணிக்குக் கூட்டிட்டு வாங்க. வரலன்னா போலீஸ்தான் வரும், சொல்லிட்டேன்."

"வந்துடறோங்க." இஸ்திரிக்காரர் விரலை எடுக்காமலே கேட்டார்: "நான் பதினேழாவது வரியில இருக்கேன். அன்னிக்கு இங்கேயிருந்து ஆரம்பிக்கலாங்களா?"

அம்மாள் அந்த இடத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வைத்தார். கமாவின் மனதுக்குள் கணக்கு ஓடியது. ஐம்பத்தைந்து நிமிஷத்தில் பதினேழு வரி. பாக்கி இருபத்துநாலு. பத்து மணிக்கு ஆரம்பித்தால், இதே வேகத்தில், பதினொன்றைத் தாண்டும். பதினோரு மணிக்கு மனு. நீதிபதி என்ன சொல்வாரோ, புதிய வக்கீல் யாரோ, எதுவும் தெரியாது. தெரிந்ததெல்லாம் இந்தக் கணக்கு மட்டும்தான்.

வாசலில் இஸ்திரிக்காரர் பாப்பாவைத் தூக்கிக்கொண்டு கமாவின் அருகே நின்றார். முகத்தில் உண்மையான வருத்தம்.

"எல்லாரையும் ரொம்பக் காக்க வெச்சுட்டேன் சார். ரெண்டு நாள் லீவு இருக்கில்ல, பாப்பாவை வெச்சு நல்லாப் படிச்சுப் பழகிட்டு வந்துடறேன். திங்கக்கிழமை கடகடன்னு முடிச்சுடுவேன்."

சாட்சி பேசக்கூடாது. கமாவுக்கு அது நன்றாகத் தெரியும். வக்கீலம்மா வேறு பக்கத்திலேயே நின்றார்.

"ஐயையோ, அவசரமே இல்லைங்க" என்றார் கமா.